‘அங்க யாரையாவது தெரியுமா?’ - வேலைக்கு ரெஃபரல் கேட்பது எப்படி, இன்டர்வியூவுக்குத் தயாராவது எப்படி?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்கு ஆள் சேர்க்கும்போது யாரும் பயோடேட்டா கேட்பதில்லை. ‘இவன் இதுக்கு முன்னாடி யார் போட்டுல போனான்?’ என்பதுதான் கேள்வி. பதில் சொல்பவர் நம்பிக்கையானவர் என்றால் பாதி வேலை முடிந்தது. கடலுக்குள் போன பிறகு அந்த ஆள் சரியில்லை என்றால், கூட்டி வந்தவரின் பெயரும் சேர்ந்து கெடும். அதனால் யாரும் யாரையும் சும்மா கூட்டி வருவதில்லை.

இதே ஊரில் பி.காம் முடித்த ஒரு பெண், சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், மதிப்பெண், மொபைல் எண் எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசியில் ஒரு கட்டம்: எங்கள் நிறுவனத்தில் உங்களுக்குத் தெரிந்த ஊழியர் யாராவது இருக்கிறாரா? அந்தக் கட்டத்தை அவர் காலியாக விட்டுவிட்டு ‘சப்மிட்’ கொடுக்கிறார். படகுக்கு நூறு பேரைத் தெரிந்த வீட்டில், கம்பெனிக்கு ஒருவரைக்கூடத் தெரியாது.

நேரமும் சாதகமாக இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கல்லூரி கடைசி செமஸ்டர் முடிவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். வீட்டில் வருமானம் நின்றிருக்கும் நேரத்தில் பிள்ளையின் வேலை தேடல் தொடங்குகிறது. ‘ஏதோ ஒண்ணு, முதல்ல போய்ச் சேரு’ என்ற அழுத்தம் அங்கிருந்துதான் வருகிறது. அவசரத்தில் எடுக்கும் முடிவு எங்கே கொண்டு போய் விடும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ரெஃபரல் என்றால் சிபாரிசா?

புதுச்சேரிக்காரர்களுக்கு ‘சிபாரிசு’ புதிய வார்த்தை இல்லை. லெட்டர்பேடில் நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து. ரெஃபரல் கேட்கவே பலர் கூச்சப்படுவதற்குக் காரணமும் இதுதான்: ‘திறமை இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க, நான் எதுக்குப் போய் கெஞ்சணும்?’

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் குழப்பம் வந்ததற்கு வரலாறு உண்டு. பக்கத்து முதலியார்பேட்டையில் 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில்லைப் போன்ற பஞ்சாலைகள் நாடு முழுவதும் இயங்கிய காலத்தில், பல ஊர்களில் ஆள் எடுப்பது மேஸ்திரிகளின் கையில் இருந்தது. வேலை வேண்டுமென்றால் மேஸ்திரியைப் பார்க்க வேண்டும். அவருக்கு ஏதாவது கொடுக்கவும் வேண்டும். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931-ல் கொடுத்த அறிக்கையில் இந்த அதிகாரத்தைக் கடுமையாக விமர்சித்து, ஆள் எடுக்கும் பொறுப்பைத் தனி அதிகாரியிடம் கொடுக்கச் சொன்னது. இன்றைய ஹெச்.ஆர். துறைக்கு அந்த அதிகாரியை ஒரு தாத்தா என்று சொல்லலாம்.

ரெஃபரலில் நடப்பது வேறு. கம்பெனியில் வேலை பார்ப்பவர், உங்கள் ரெஸ்யூமை நிறுவனத்தின் உள் இணையதளத்தில் ஒரு குறிப்பிட்ட ஜாப் ஐடிக்கு எதிரே பதிவேற்றுகிறார். சில இடங்களில் உங்கள் மெயிலுக்கு ஒரு லிங்க் வரும். அதன் வழியாக நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். ஹெச்.ஆர். பார்க்கும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இன்னார் பரிந்துரைத்தது என்று தெரியும். அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான ரெஸ்யூம்களில் உங்களுடையதை ஒருவர் திறந்து பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது. டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளதேதான். மார்க்கில் சலுகை கிடையாது.

பல நிறுவனங்கள் ரெஃபர் செய்த ஊழியருக்கு போனஸ் தருகின்றன. பெரும்பாலும் புதியவர் சேர்ந்து சில மாதங்கள் தாக்குப்பிடித்த பிறகு. ஆகவே ரெஃபரல் கேட்பது பிச்சை இல்லை, அவருக்கும் அதில் லாபம் இருக்கலாம். அரசு வேலைக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே ‘ரெஃபரல் பண்றேன்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

முக்கியமான ஒன்று, வரிசை. கெரியர் பக்கத்தில் நேரடியாக விண்ணப்பித்துவிட்டு, பிறகு ‘அண்ணா, ரெஃபர் பண்ணுங்க’ என்று கேட்டால் பல நிறுவனங்களின் சிஸ்டம் ஏற்காது. ஏற்கெனவே இருக்கும் விண்ணப்பம் என்று காட்டும். முதலில் ஆளைத் தேடுங்கள், இரண்டு மூன்று நாள் பாருங்கள், யாரும் கிடைக்கவில்லை என்றால் நேரடியாக விண்ணப்பியுங்கள்.

‘சொந்தக்காரங்க யாரும் அங்க இல்லையே’

நல்லது. சொந்தக்காரர்களால் பெரும்பாலும் பயன் இருக்காது என்று சமூகவியல் சொல்கிறது.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர், பாஸ்டன் நகருக்கு அருகே உள்ள நியூட்டனில் சமீபத்தில் வேலை மாறியவர்களிடம் பேசினார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களிடம் ‘அவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?’ என்று கேட்டார். அடிக்கடி என்று சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘எப்போதாவது’ என்றார்கள். கால்வாசிக்கும் கொஞ்சம் அதிகமானவர்கள் ‘ரொம்ப அபூர்வமாக’ என்றார்கள். 1973-ல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

காரணம் யோசித்தால் எளிது. உங்கள் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஒரே வாட்ஸ்அப் குரூப், ஒரே டீக்கடை. வேலை காலி இருக்கும் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த வட்டத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய நூலாக இருப்பவர் அரைகுறைப் பழக்கமான ஒருவர்தான்.

இதை லிங்க்ட்இன் பயனாளர்கள் 2 கோடி பேரிடம் ஐந்து ஆண்டுகள் சோதித்துப் பார்த்த ஆய்வு ‘சயின்ஸ்’ இதழில் 2022-ல் வந்தது. முடிவு கிட்டத்தட்ட அதேதான், ஒரு சின்னத் திருத்தத்துடன்: முற்றிலும் அந்நியரும் வேண்டாம், நெருங்கிய நண்பரும் வேண்டாம், இடைப்பட்ட பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவுகிறது. பொதுவான நண்பர்கள் பத்துப் பேர் அளவில் இருக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் தேங்காய்த்திட்டில் இருக்கும் ஒருவருக்கு அந்த ‘இடைப்பட்ட’ ஆள் யார்? லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரியிலோ, பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலோ இரண்டு பேட்ச் முன்னால் படித்த சீனியர். என்.எஸ்.எஸ். கேம்ப்பில் கூட வந்தவர். அக்காவின் சென்னை ஹாஸ்டல் ரூம்மேட். டியூஷன் எடுத்தவரின் மகன். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் எதிரணி விக்கெட் கீப்பர். ஒரு பேப்பரில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள். அப்புறம் வரிசையாக வருவார்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து ‘அலும்னி’ பகுதியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், பெயர்கூடத் தெரியாத சீனியர்கள் கண்ணில் படுவார்கள்.

புதுச்சேரிக்கு இது பழகிய வழிதான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த ‘சொல்தா’க்களின் குடும்பங்களில், முன்னால் போனவரைக் கேட்டுப் பின்னால் போனவர்கள் எத்தனையோ பேர். கப்பலுக்குப் பதில் இப்போது ஈ.சி.ஆர். பஸ்.

மெசேஜில் என்ன எழுதுவது?

‘ஹாய் அண்ணா’ என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது நடைமுறையில் வேலைக்கு ஆகாது. ‘எனி வேகன்சி?’ அதைவிட மோசம். உங்களுக்கான வேலையைத் தேடும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள். அவர் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படிக்கப்போகிறார். இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்கும்படி இருக்க வேண்டும். உதாரணத்துக்கு:

‘வணக்கம் அண்ணா. நான் நம்ம காலேஜ்ல பி.காம் முடிச்சவ, உங்களுக்கு நாலு வருஷம் ஜூனியர். உங்க கம்பெனியில அக்கவுன்ட்ஸ் டீம்ல ஃபிரஷர் வேலை ஒண்ணு போட்டிருக்காங்க. ஜாப் ஐடியும் என் ரெஸ்யூமும் கீழே அனுப்பியிருக்கேன். டேலி, எக்ஸெல் தெரியும். ஆறு மாசம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலை பார்த்திருக்கேன். இதுக்கு நான் பொருந்துவேன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா ரெஃபர் பண்ண முடியுமா? இல்லைன்னா என்கிட்ட எது குறையுதுன்னு சொன்னாக்கூடப் போதும்.’

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் விஷயம் இருக்கிறது. முடியாது என்று சொல்ல அவருக்கு ஒரு கௌரவமான வழி விட்டிருக்கிறீர்கள். மறுப்பவர்களிடமிருந்தும் ஒரு தகவல் கிடைக்கும். பல நேரங்களில் ‘இந்த ஐடி க்ளோஸ் ஆயிடுச்சு, அடுத்த மாசம் இன்னொண்ணு வருது’ என்ற பதில், ரெஃபரலைவிடப் பெரியது.

பதில் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவர் அம்மாவிடம் சொல்லி அவருக்குப் போன் போட வைப்பது போன்ற உத்திகள் நம் ஊரில் நடக்கத்தான் செய்கின்றன; நூல் அங்கேயே அறுந்துவிடும். ரெஸ்யூம் பி.டி.எஃப்.பாக இருக்கட்டும், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். ‘ஃபைனல் நியூ 3’ என்ற பெயரில் வரும் ரெஸ்யூமை அவர் பிறகு எப்படித் தேடுவார்?

தன் பெயரைப் பணயம் வைப்பவர் யோசிக்கத்தான் செய்வார். கொல்கத்தாவில் பொருளாதார ஆய்வாளர்கள் லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் இருவரும் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு வேலைக்குத் தெரிந்தவரைக் கூட்டி வரச் சொன்னார்கள். சிலருக்குக் கூட்டி வந்தாலே குறிப்பிட்ட தொகை. வேறு சிலருக்கு, வந்தவர் எப்படி வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்துத் தொகை. இரண்டாவது வகையினர் சொந்தக்காரர்களைக் குறைவாகவும், கூட வேலை பார்த்தவர்களை அதிகமாகவும் கூட்டி வந்தார்கள். 2012-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வதும் துறைமுகத்துக் கதையும் ஒன்றுதான். ‘நான் உங்க சொந்தம்’ என்பதைவிட ‘நான் இந்த வேலையைச் செய்திருக்கிறேன்’ என்பது மெசேஜில் எடுபடும்.

யார் வெளியே நிற்கிறார்கள்?

ரெஃபரலைப் புகழ்ந்துகொண்டே போவதும் நேர்மையாகாது. தெரிந்தவர் தெரிந்தவரைக் கூட்டி வந்தால், வட்டத்துக்கு வெளியே இருப்பவர் வெளியேதான் இருப்பார். இதே பீமனும் மக்ரூடரும் வேறோர் ஆய்வாளருடன் ஆப்பிரிக்க நாடான மலாவியில் செய்த ஆய்வில், யாரை வேண்டுமானாலும் கூட்டி வரலாம் என்று சொன்னபோது ஆண்கள் பெரும்பாலும் ஆண்களையே கூட்டி வந்தார்கள். தகுதியான பெண்களைத் தெரியாமல் இல்லை. கூட்டி வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் நாளிதழ் வேலை விளம்பரங்களுக்குச் சம தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களைவிட தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. 2007-ல் அது வெளியானது. நேரடி விண்ணப்பமும் சமதளம் இல்லை, ரெஃபரலும் சமதளம் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இரண்டு பக்கமும் ஏற்றம்தான். எனவே முதலில் வேலைக்குள் போன ஒருவர், தன் தெருவிலிருந்து அடுத்தவரின் ரெஸ்யூமைத் திறந்து பார்ப்பது சாதாரண உதவி இல்லை.

யாருமே கிடைக்காதவர்களுக்கு இன்னொரு கதவு, மத்திய அரசின் தொழில்பழகுநர் திட்டம். பட்டம், டிப்ளமோ முடித்தவர்கள் உதவித்தொகையுடன் நிறுவனங்களில் பயிற்சி பெறலாம். தென் மண்டலத்துக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. புதுச்சேரியும் அதில் அடக்கம். ஒரு வருடத்தில் ஒரு நிறுவனத்துக்குள் பல ‘இடைப்பட்ட’ ஆட்கள் தெரிந்துவிடுவார்கள் என்பது இதன் மறைமுகச் சம்பளம்.

இன்டர்வியூ: சொந்தக் கதையில் எதைச் சொல்வது?

ரெஃபரல் கிடைத்து, கூப்பிட்டும் விட்டார்கள். முதல் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர், அப்பா பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று ஒப்பிப்பதற்காக அல்ல அந்தக் கேள்வி. இந்த வேலைக்கு நீங்கள் ஏன் வந்திருக்கிறீர்கள் என்பதை ஒன்றரை நிமிடத்தில் கேட்கிறார்கள்.

முதலில் சொன்ன பி.காம் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். ‘எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் எதுவும் இல்லை’ என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் அப்பாவின் படகுக் கணக்கை மூன்று வருடமாக எழுதுவது அவர்தான் என்றால்? டீசல், ஐஸ், ரேஷன் செலவு. ஏலத்தில் போன தொகை. செலவைக் கழித்து உரிமையாளருக்கு எவ்வளவு, ஆட்களுக்குப் பங்கு எவ்வளவு, முன்பணம் வாங்கியவருக்குப் பிடித்தம் எவ்வளவு. கமர்ஸ் பாடப்புத்தகத்தின் பாதி அதில் இருக்கிறது. வெட்கப்பட்டு மறைப்பதாலோ, ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்று நினைப்பதாலோ அது ரெஸ்யூமில் ஏறுவதில்லை. டெய்லரிங் கடை, மளிகைக் கடை, லாட்ஜ் ரிசப்ஷன், சண்டே மார்க்கெட் ஸ்டால் எதுவாக இருந்தாலும் இதே கதைதான்.

இப்போது பல நிறுவனங்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுகின்றன. ‘ஒரு பிரச்சினையை நீங்கள் தீர்த்த சம்பவம் சொல்லுங்கள்’ என்பது அதில் நிச்சயம் வரும். ‘நான் கடின உழைப்பாளி’ என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை. என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று நான்கு படியில் சொல்ல வேண்டும். ‘ஒரு தடவை ஏலக் கணக்கும் கையில் வந்த பணமும் 1,800 ரூபாய் ஒத்துப்போகலை. அன்னைக்குச் சீட்டு எல்லாத்தையும் எடுத்து வரிசையா வெச்சுப் பார்த்தேன். ஒரே கூடையை ரெண்டு தடவை எழுதியிருந்தது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு சீட்டுக்கும் நம்பர் போட ஆரம்பிச்சேன்.’ இப்படி ஒரு பதில் கேள்வி கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். இதுபோல ஐந்து சம்பவங்களை எழுதி வைத்துக்கொண்டால், இருபது கேள்விகளுக்கு அவற்றையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தலாம். சம்பவம் உண்மையாக இருக்க வேண்டும். இரண்டாவது துணைக்கேள்வியில் பொய் விழுந்துவிடும்.

ஆங்கிலம்தான் பலருக்கும் வயிற்றைக் கலக்குகிறது. யூடியூப்பில் யாரோ பேசும் பதிலை மனப்பாடம் செய்வது உதவாது, உங்கள் வாயில் அது ஒட்டாது. உங்கள் பதிலை முதலில் தமிழில் யோசித்து, உங்களுக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதி, போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். முதல் முறை கேட்கவே கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. நான்காவது முறைக்குள் ‘ஆக்சுவலி’க்கள் பாதியாகக் குறைந்திருக்கும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லக் கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லலாம். ‘இது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித் தொடங்கிப் பார்ப்பேன்’ என்ற பதிலுக்கு மரியாதை உண்டு.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் முந்தைய நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். சிக்னல், வெளிச்சம், எதிர்வீட்டு மிக்ஸி எல்லாம் அப்போது தெரியும். நேரில் சென்னைக்குப் போவதானால் தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை 9 மணி இன்டர்வியூவுக்கு விடியற்காலை பஸ்ஸை நம்புவதைவிட, முந்தைய இரவே போய்த் தெரிந்தவர் அறையில் படுத்துக்கொள்வது உத்தமம்.

சம்பளப் பேச்சில் ஏமாறுவது சி.டி.சி. என்ற மூன்றெழுத்தில். அந்தத் தொகை முழுவதும் கைக்கு வராது. உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் பி.எஃப்.புக்குப் பிடிக்கும் 12 சதவீதம் போக, நிறுவனம் தன் பங்காகக் கட்டுவதையும் பெரும்பாலும் சி.டி.சி.க்குள்ளேயே காட்டுவார்கள், கிராஜுவிட்டியும் அப்படியே. ‘மாசம் கைக்கு எவ்வளவு வரும்?’ என்று நேராகக் கேட்பதில் தவறில்லை. அதில் சென்னை ஹாஸ்டல் வாடகையைக் கழித்துப் பார்த்தால், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வீட்டிலிருந்தே போய்வரும் வேலை சில சமயம் மேலாகத் தெரியும். பாண்ட் கேட்டால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். அசல் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு வருவது வேண்டாம்.

பணம் கேட்டால் அது ரெஃபரல் இல்லை

‘உள்ள ஆள் இருக்கார், ஐம்பதாயிரம் ஆகும்’ என்ற பேச்சு தடைக்கால வீட்டில் எளிதாகக் காதில் ஏறும். நகை அடகுக்குப் போவது அப்போதுதான். நிறுவனங்களும் இதைக் கண்டும் காணாமல் இருப்பதில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் தொடர்பான புகாரை விசாரித்த டி.சி.எஸ்., விதிகளை மீறியதாக 16 ஊழியர்களை நீக்கியதாகவும் 6 ஏஜென்சிகளைத் தடை செய்ததாகவும் 2023 அக்டோபரில் தெரிவித்தது.

வெளிநாட்டு வேலை என்றால் ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போகப்பட்டவர்கள் மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியது 2022-ல் வெளியே வந்தது. அந்த அக்டோபரில் மீட்கப்பட்டவர்களில் 13 பேர் தமிழர்கள். சமூக ஊடக விளம்பரம், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜென்ட்கள் மூலம் ஐ.டி. படித்தவர்களைக் குறிவைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் அதற்கு முந்தைய மாதமே எச்சரித்திருந்தது. பதிவு பெற்ற ஏஜென்ட் யார் என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

ரிசல்ட் வந்த பிறகு பலரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. ரெஃபர் செய்தவருக்கு ஒரு வரி. தேர்வானால் எல்லாரும் சொல்கிறார்கள். தேர்வாகாதபோது ‘இரண்டாவது ரவுண்டில் போயிடுச்சு அண்ணா, எக்ஸெல்லில் தடுமாறினேன்’ என்று சொல்பவர்கள் குறைவு. நிராகரித்தவரை மறுபடி பார்க்கப் பல நிறுவனங்கள் சில மாத இடைவெளி வைத்திருக்கின்றன. அது எத்தனை மாதம் என்பதையும் அந்த மெசேஜிலேயே கேட்டுவிடலாம்.